ஃபிரெஞ்சு கிராமத்துச் சமையலறையில் ஒரு சீட்டித் துணி

இந்த எபிசோடுல ஒரு சமையலறைக்குள்ள போகப் போறோம். சமைக்கறதுக்கு இல்ல. சுவர், தரை, திரைச்சீலை இதையெல்லாம் பார்க்கறதுக்கு.

போன்ல "ஃபிரெஞ்சு கன்ட்ரி கிச்சன்" என்று தேடினால் ஆயிரம் படம் வரும். ஆனால் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே படம்தான். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர், கூரையில் தச்சர் இழைக்காமல் விட்ட மாதிரியான மர உத்தரம், தரையில் அறுகோணச் செம்மண் ஓடு, ஆணியில் தொங்கும் செப்புச் சட்டிகள். நடுவில் நீளமாக ஒரு மர மேசை. அதன் மேல் மஞ்சள் அல்லது நீலப் பின்னணியில் குட்டிக் குட்டிப் பூப்போட்ட பருத்தி விரிப்பு. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே கதவு இருக்காது. அதே பூத்துணியில் ஒரு சின்னத் திரை இருக்கும். நம்ம ஊர் அபார்ட்மென்ட்களுக்கு உள் அலங்காரம் செய்யறவங்களும் இப்போ இதை "ரஸ்டிக்" என்ற பெயரில் போட்டுத் தர்றாங்க.

பெரும்பாலும் இந்தப் படங்களுக்கு மூலம் ஃபிரான்ஸின் தென்கிழக்கில் இருக்கிற ப்ரொவான்ஸ் பகுதி. மார்சேய், ஆர்ல், அவிஞோன், தாராஸ்கோன் எல்லாம் அங்கதான் இருக்கு. அந்தப் படத்துல ரொம்ப "கிராமத்தனமா" தெரியற பொருள் எதுன்னு கேட்டால், நிறைய பேர் அந்தப் பூத்துணியைத்தான் காட்டுவாங்க. ஆனால் ஓடு, மரம், சுண்ணாம்பு எல்லாம் உள்ளூர்ச் சரக்கு. துணி மட்டும் அப்படி இல்ல. அது கிளம்பின இடம் நம்ம கடற்கரை.

முதல்ல நிஜமான சமையலறை எப்படி இருந்தது என்று பார்த்துடலாம். ப்ரொவான்ஸ் பண்ணைவீட்டுக்கு அந்த ஊர் மொழியில் "மாஸ்" என்று பேர். வடக்கிலிருந்து மிஸ்த்ரால் என்ற காற்று அடிக்கும். சும்மா தென்றல் இல்ல, நாள் கணக்கில் ஓயாம அடிக்கற முரட்டுக் காற்று. அதனால் வடக்குச் சுவரில் ஜன்னலே வைக்க மாட்டாங்க, வைத்தாலும் சின்னதாகத்தான். உள்ளே ஒரு பெரிய கணப்படுப்பு. பக்கத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு கல்மேடை. அதில் குழிகள் இருக்கும். கணப்பிலிருந்து தணலை வாரி அந்தக் குழிகளில் போட்டு, மேலே சட்டியை வைத்து மெதுவா வேகவைப்பாங்க. நம்ம கரியடுப்பைத் திண்ணையில் பதித்து வைத்த மாதிரி. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது அழகுக்கு இல்ல. புகைக் கரியை மறைக்கணும், பூச்சி அண்டக் கூடாது, அவ்வளவுதான்.

அந்த வீட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த பொருள் பானெத்தியேர். கடைந்த மரக் கம்பிகளால் செய்த ஒரு கூண்டு. பெரும்பாலும் வால்நட் மரம். ரொட்டியைத் தினம் சுட மாட்டாங்க. மொத்தமா சுட்டு நாள் கணக்கில் வைத்துத் தின்னணும். எலி எட்டாமலும் காற்றுப் படும்படியும் இருக்கணும், அதனால் சுவரில் உயரமா மாட்டுவாங்க. நம்ம பாட்டி வீட்டு உறி செய்கிற அதே வேலை. இன்னிக்கு அலங்காரக் கடைகளில் இது வெறும் அழகுப் பொருள். உள்ளே ரொட்டி கிடையாது, லேவண்டர் பூங்கொத்து இருக்கும்.

சரி, இந்தப் புகை படிந்த அறைக்குள் பூத்துணி எப்படி வந்தது?

17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் துணி என்றால் கம்பளி, லினன், பணக்காரர்களுக்குப் பட்டு. பருத்தியில் பல நிறத்தில் பூ போட்டு, அதைத் துவைத்தாலும் நிறம் போகாமல் இருக்கச் செய்யற வித்தை அங்கே யாருக்கும் தெரியாது. அச்சடிப்பாங்க, ஆனால் அது துணி மேல ஒட்டின மை மாதிரிதான். தண்ணி பட்டால் போயிடும். அந்த நேரத்தில் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கின துணி துவைக்கத் துவைக்க இன்னும் பளிச்சென்று இருந்தது. ஃபிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்த பேர் "அந்தியென்", அதாவது இந்தியத் துணி. ஆங்கிலேயர்கள் "சின்ட்ஸ்" என்றார்கள். அந்தச் சொல் நமக்கும் புதுசு இல்ல. பழைய ஆட்கள் "சீட்டித் துணி", "சீட்டிப் பாவாடை" என்று சொல்வாங்களே, அதே சீட்டிதான். இரண்டுமே "தெளித்தது, புள்ளி போட்டது" என்ற பொருள் தருகிற வட இந்தியச் சொல்லிலிருந்து வந்தவை.

இதில் தலைசிறந்த சரக்கு சோழமண்டலக் கரையில் தயாரானது. வடக்கே மசூலிப்பட்டினத்திலிருந்து தெற்கே புலிக்காட், சதுரங்கப்பட்டினம், புதுச்சேரி, நாகப்பட்டினம் வரை துணி ஓவியர்கள் இருந்தாங்க. செய்முறையைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன். ஏன்னா கதையே இதில்தான் இருக்கு.

முதலில் வெள்ளைப் பருத்தித் துணியைக் கடுக்காய் கரைத்த எருமைப் பாலில் ஊறவைப்பாங்க. கடுக்காயின் துவர்ப்பு நூலில் ஏறும். பாலின் கொழுப்பு வண்ணம் பரவாமல் தடுக்கும். அடுத்து, துளையிட்ட காகிதத்தை மேலே வைத்துக் கரித்தூளைத் தட்டி உருவத்தை இறக்குவாங்க. துருப்பிடித்த இரும்பைப் புளித்த கரைசலில் ஊறப்போட்டு எடுத்த நீரால், மூங்கில் எழுதுகோல் கொண்டு கோடு இழுப்பாங்க. அந்த நீர் கடுக்காயைத் தொட்டதும் கறுப்பாகிடும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலைத் தடவுவாங்க. படிகாரத்துக்கு நிறமே கிடையாது. தடவின இடம் கண்ணுக்குச் சரியா தெரியக்கூடத் தெரியாது. ஆனால் துணியைச் சாயவேர் போட்ட தண்ணீரில் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிலைத்து நிற்கும். மற்ற இடத்தில் ஏறின சாயத்தை அலசி, வெயிலில் காயப்போட்டு வெளுத்துடலாம். நீலத்துக்கு வழியே வேற. நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி, துணியை அவுரித் தொட்டியில் முக்கணும். அப்புறம் மெழுகை எடுத்துட்டு மஞ்சளைக் கையால் தீட்டணும். நீலத்தின் மேல் மஞ்சள் பட்டால் பச்சை.

சாயவேர் என்பது கடற்கரை மணலில் வளர்கிற சின்னச் செடியின் வேர். இம்பூறல் என்றும் சொல்வாங்க. இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருந்து கற்றது இல்ல. நிறமில்லாத ஒரு உப்புதான் நிறத்தைப் பிடித்து வைக்குது என்பதைக் கைப்பழக்கத்தில் கண்டுபிடித்து, தலைமுறை தலைமுறையா கைமாற்றின வேதியியல்.

இன்னொன்று. இந்தத் துணிகள் "சுத்தமான இந்திய ரசனை" என்றும் நினைக்க வேண்டாம். ஐரோப்பியக் கம்பெனிகள் தங்கள் ஊர் ஆட்களுக்கு என்ன பிடிக்கும் என்று ஆர்டர் கொடுத்தாங்க. 1643இலேயே லண்டனிலிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் இந்திய ஆட்களுக்கு எழுதுது: சிவப்புப் பின்னணி போணியாகலை, வெள்ளைப் பின்னணியில் பூ வரையச் சொல்லுங்கள் என்று. வாடிக்கையாளர் கேட்டதை வரைந்து கொடுத்த தொழில் இது.

ஃபிரான்ஸில் இது பெரிய மோகமாச்சு. 1670இல் மோலியேர் எழுதின "லெ பூர்ஷ்வா ஜான்தியோம்" நாடகத்தில், பெரிய மனுஷன் ஆக ஆசைப்படுகிற ஒரு வியாபாரி மேடைக்கு வந்து தன் அந்தியென் அங்கியைக் காட்டிப் பெருமை அடிப்பான். அதாவது அன்றைக்கு அது புதுப் பணக்காரத் துணி. கிராமத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

மார்சேய் துறைமுக நகரம். அங்கே 1640களிலேயே சிலர் இதைக் காப்பியடிக்க ஆரம்பிச்சாச்சு. 1648இல் சீட்டுக்கட்டு அச்சடிக்கிற ஒருவர் ஒரு மரச்செதுக்குக்காரரோடு கூட்டுச் சேர்ந்து துணியில் அச்சடிக்கத் தொடங்கினார். சீட்டு அச்சடிக்கிற மரக்கட்டை துணிக்கும் ஆகுமே என்ற யோசனை! பிறகு அர்மீனியர்கள் வந்தாங்க. பாரசீகம், துருக்கி வழியா சாயத் தொழில் தெரிந்தவங்க.

பட்டு நெசவாளர்களும் கம்பளி நெசவாளர்களும் கொதிச்சாங்க. வெள்ளிக் காசெல்லாம் இந்தியாவுக்குப் போகுது என்று அரசும் பதறியது. 1686 அக்டோபரில் பதினான்காம் லூயியின் அரசு தடை போட்டது. இந்தியாவிலிருந்து வருகிற வண்ணத் துணியும் கூடாது, உள்ளூரில் அச்சடிப்பதும் கூடாது, அச்சுக் கட்டைகளை உடைத்துப் போடணும். இந்தத் தடை 1759 வரைக்கும், 73 வருஷம் இருந்தது.

தடை போட்டால் மோகம் போகுமா? கூடத்தான் செய்தது. அரண்மனைப் பெண்கள் வெளிப்படையாவே உடுத்தினாங்க, அவங்களை யாரும் தொடல. தண்டனை எல்லாம் கீழே இருக்கிறவங்களுக்கு. உடுத்தின பெண்களுக்கு அபராதம், கடத்தினவர்களுக்குப் போர்க்கப்பலில் துடுப்புத் தள்ளும் தண்டனை. ஆயுதத்தோடு பிடிபட்டால் உயிரே போகும். லூயி மான்த்ரேன் என்று ஒரு கடத்தல் தலைவன். புகையிலையும் வண்ணத் துணியும் கடத்தி, ஊர்ச் சந்தையில் பகிரங்கமா விற்ற ஆள். 1755 மே மாதம் வலான்ஸ் நகரத்தில் அவனைச் சக்கரத்தில் கட்டி எலும்பை உடைத்துக் கொன்றார்கள். இந்தத் துணிக்காகக் கொல்லப்பட்டவர்கள் 16,000 பேர் என்று ஒரு எண் இணையத்தில் சுத்துது. நான் அதை நம்பல. மான்த்ரேன் ஒருவர் கதையே போதும்.

இங்கிலாந்தும் சும்மா இல்லை. 1701இலும் 1721இலும் தடைகள். 1719இல் லண்டனில் வேலை போன நெசவாளர்கள் தெருவில் சீட்டித் துணி உடுத்தின பெண்களைப் பிடித்து உடையைக் கிழித்தார்கள். அவர்கள் வயிறு எரிந்தது நியாயம்தான். அதை யார் மேல் காட்டினாங்க பாருங்க.

இப்போ கதை புதுச்சேரிக்கு வருது. தடை இருக்கும்போதே ஃபிரெஞ்சுக்காரர்கள் இந்த ரகசியத்தைத் தெரிந்துகொள்ள முயற்சி எடுத்தாங்க. சுமார் 1734இல் பொலியூ என்ற கடற்படை அதிகாரி புதுச்சேரிக்கு வந்தார். பாரிஸில் இருந்த விஞ்ஞானி தியூஃபே அவரிடம் ஒரு வேலை கொடுத்திருந்தார். பொலியூ ஒரு துணி ஓவியரைத் தன் கண்முன் உட்காரவைத்து, ஒரு துணியை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை செய்யச் சொன்னார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அதில் ஒரு துண்டை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு, என்ன செய்தார்கள் என்று பக்கத்தில் எழுதினார். மொத்தம் 11 துண்டுகள். அந்தக் கையெழுத்துப் பிரதி துணித் துண்டுகளோடு இன்றும் பாரிஸில் இயற்கை வரலாற்று அருங்காட்சியக நூலகத்தில் இருக்கு.

அடுத்து 1742இல் கெர்தூ என்ற ஏசுசபைப் பாதிரியார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உறவு இருக்கு என்று வில்லியம் ஜோன்ஸுக்கு முன்னாடியே எழுதினவர். புதுசா ஞானஸ்நானம் வாங்கின துணி ஓவியர்களிடம் அவர் பேச்சுக்கொடுத்து, செய்முறையை அங்குலம் அங்குலமா கேட்டு, ஃபிரான்ஸுக்குக் கடிதமா அனுப்பினார். அச்சாகி எல்லோரும் படிச்சாங்க.

பொலியூ பேர் நமக்குத் தெரியும். கெர்தூ பேர் தெரியும். பொலியூ முன்னால் உட்கார்ந்து வரைந்தவர் பேர்? கெர்தூவுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் பேர்? எங்கள் வேர் இது, எங்கள் பால் இது என்று விளக்கினவர்களுக்கு, இது கடல் தாண்டிப் போய் தங்கள் பிழைப்பில் கை வைக்கும் என்று தெரிந்திருக்குமா? என்னால் இந்த இடத்தை லேசா கடக்க முடியல.

1759இல் தடை நீங்கினது. அடுத்த வருஷமே ஓபர்காம்ப் என்பவர் வெர்சாய் பக்கத்தில் ஜூயி என்ற ஊரில் அச்சுத் துணி ஆலை தொடங்கினார். ப்ரொவான்ஸிலும் ஆலைகள் பெருகின. சாயவேர் அங்கே கிடையாது. அதற்குப் பதில் மஞ்சிட்டி வகைச் செடியின் வேர். அவிஞோன் பக்கம் அதைப் பெரிய அளவில் பயிர்செய்ய வைத்தவர் ழான் அல்தேன், அவரும் ஒரு அர்மீனியர். அவர் பேரில் இப்பவும் ஒரு ஊர் இருக்கு. கையால் எழுதின கோடு போய், மரக்கட்டையில் செதுக்கின குட்டிப் பூ வந்தது. ஒரு பெரிய துணியை வரைய நாள் கணக்காகும். கட்டையில் குத்தினால் மளமளவென்று ஓடும். அந்த "குட்டிக் குட்டிப் பூ" வடிவத்துக்கு முக்கியக் காரணம் அச்சுக்கட்டையின் அளவும் அவசரமும்தான்.

விலை இறங்கினதும்தான் துணி சாதாரண மக்கள் கைக்கு வந்தது. ஆனால் சமையலறைக்கு இல்லை, உடம்புக்கு. ஆர்ல் நகர ஓவியர் அந்த்வான் ரஸ்பால் 18ஆம் நூற்றாண்டில் ஒரு தையல் கூடத்தை வரைந்திருக்கார். அதில் தைக்கிற பெண்கள் உடம்பில் எல்லாம் பூத்துணி. சுவரிலும் தைத்த பாவாடைகள் தொங்குது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு உடுத்துகிற நல்ல துணி அது. எண்ணெய்ப் பிசுக்கு மேசையில் விரிக்க யாருக்கு மனசு வரும்? சமையலறையில் துணி என்று இருந்தது கணப்பின் விளிம்பில் புகையைத் தடுக்கத் தொங்கவிட்ட ஒரு சுருக்குத் துண்டு மாதிரி சில்லறை இடங்களில்தான்.

இதே துணிக்கு இன்னொரு வழியும் இருந்தது, இதை எந்த அலங்காரப் புத்தகமும் சொல்லாது. நான்த் துறைமுகத்து அச்சுத் துணியும், புதுச்சேரியிலிருந்து போன நீலத் துணியும் ஆப்பிரிக்கக் கரைக்கு ஏற்றப்பட்டு, அங்கே மனிதர்களை அடிமையா வாங்கக் கொடுக்கப்பட்டன. அடிமைக் கப்பல்கள் ஏற்றிப்போன சரக்கில் துணிதான் பெரும் பங்கு.

அப்புறம் எப்படி இது "கிராமத்துச் சமையலறை" ஆச்சு? அதற்கு ஒரு கவிஞர் வரணும். ஃப்ரெதெரிக் மிஸ்த்ரால், அந்தக் காற்றின் பேரேதான். ப்ரொவான்ஸ் மொழியில் எழுதினவர், 1904இல் நோபல் பரிசு பெற்றவர். ரயில் வந்து, ஆலைத் துணி வந்து, பள்ளிக்கூடத்தில் பாரிஸ் ஃபிரெஞ்சு வந்து தன் ஊர் வாழ்க்கை கரைவதைப் பார்த்து, 1899இல் ஆர்ல் நகரத்தில் ஒரு அருங்காட்சியகம் திறந்தார். பழைய சாமான் எல்லாம் கொடுங்கள் என்று ஜனங்களைக் கேட்டு வாங்கினார். நோபல் பணத்தையும் அதில் போட்டார். அங்கே ஒரு அறையில் பண்ணைவீட்டுக் கிறிஸ்துமஸ் இரவு விருந்தை ஆளுயரப் பொம்மைகளோடு அப்படியே அமைத்தார்கள். கணப்பு, மேசை, மரச்சாமான், உடை எல்லாம் அதனதன் இடத்தில், புகை மட்டும் இல்லாமல்.

என் கணிப்பில் "கன்ட்ரி கிச்சன்" என்ற காட்சி பிறந்த இடங்களில் அது முக்கியமானது. வாழ்கிற அறை ஒன்று முதல்முறையா பார்க்கிற அறையா மாறினது. மிஸ்த்ரால் அதை விற்கச் செய்யல, இழக்கக் கூடாது என்று செய்தார். ஆனால் காட்சி தயாரானால் வியாபாரம் பின்னாலேயே வரும், இல்லையா?

1939இல் தாராஸ்கோன் ஊரில் ஷார்ல் தெமெரி என்பவர், தன் குடும்பத்துக்கு வந்த பழைய அச்சாலைக்கு "சூலெயாதோ" என்று பேர் வைத்தார். மழைக்குப் பிறகு மேகத்தைத் துளைத்து வருகிற வெயிலுக்கு ப்ரொவான்ஸ் மொழியில் உள்ள சொல். ஆலையில் பழைய அச்சுக்கட்டைகள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. அந்த வடிவங்களைத் திரும்ப அடித்து உடையாவும் மேசை விரிப்பாவும் விற்றார். 1967இல் நியூயார்க்கில் இரண்டு பியேர்கள் சேர்ந்து "பியேர் தூ" என்ற கடையைத் திறந்தாங்க. ப்ரொவான்ஸ் மரச்சாமானையும் இந்தத் துணியையும் சேர்த்தே விற்றாங்க. 1984இல் "ஃபிரெஞ்சு கன்ட்ரி" என்று ஒரு படப் புத்தகமும் வந்தது. 1989இல் பீட்டர் மேல் என்ற ஆங்கிலேயர் ப்ரொவான்ஸில் கழித்த ஒரு வருஷத்தைப் பற்றி எழுதின புத்தகம் சக்கைப்போடு போட்டது. அதற்கப்புறம் மின்னடுப்பு வைத்த அமெரிக்க வீடுகளில்கூடப் பானெத்தியேர் தொங்க ஆரம்பித்தது.

அந்த விரிப்புகளை அடுத்த முறை உற்றுப் பாருங்க. ஓரத்தில் பெரும்பாலும் ஒரு மாங்காய் வடிவம் ஓடும். நம்ம பட்டுச் சேலைக் கரையில் இருக்கிற அதே மாங்காய். அது சோழமண்டலத்திலிருந்து போனது இல்ல. காஷ்மீர்ச் சால்வை மோகத்தில் 19ஆம் நூற்றாண்டில் போய் ஒட்டிக்கொண்டது. ஒரே துணியில் இந்தியாவின் இரண்டு மூலைகள்.

இந்தப் பக்கம் என்ன ஆச்சு என்று கேட்டால், ஐரோப்பா தானே அச்சடிக்கக் கற்றதும் ஏற்றுமதி சுருங்கினது, பிறகு ஆலைத் துணி உள்ளூர்ச் சந்தையையும் பிடித்தது. 1869க்குப் பிறகு செயற்கைச் சிவப்புச் சாயம் வந்து, இங்கே சாயவேரையும் அங்கே அல்தேனின் பயிரையும் சேர்த்தே முடித்தது. ஆனால் கையால் வரைவது முழுசா நிற்கல. தஞ்சாவூர்ப் பகுதியில் சிக்கல்நாயக்கன்பேட்டை, அரியலூர்ப் பக்கம் கருப்பூர் என்று சில ஊர்களில் சில குடும்பங்கள் கலம்காரி வரையறாங்க. கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே இப்பவும் எழுதுகோல் மூங்கில்தான். வரைவது பெரும்பாலும் கோயிலுக்கு: சாமிக்கு மேலே கட்டுகிற விதானம், தேரில் உருளையா தொங்கவிடுகிற தொம்பை.